ஏரிச் சேற்றில் இருப்பது சாக்கடையா, மாட்டுச் சாணமா, அழுகிய ஆகாயத்தாமரையா: வேதியியல் தடயம் வைத்துச் சொல்ல முடியுமா?

கலங்கல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சென்னைக்குத் தெற்கே புறநகரில் வீடு. எங்கள் ஊர் ஏரியை வைத்தே ஆய்வறிக்கை செய்யலாம் என்று இருக்கிறேன். ஏரியின் பெயரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆயக்கட்டு இருந்த ஏரிதான், இப்போது வயல் எல்லாம் மனையாகி மூன்று பக்கமும் அடுக்குமாடி வந்துவிட்டது, நான்காவது பக்கம் பழைய கரையும் மதகும் மட்டும் மிச்சம். வரத்துக் கால்வாய்கள் இரண்டும் மழைநீர் வடிகாலோடு சேர்ந்துவிட்டன. சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் அவற்றில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுத்தார்கள். வந்த பதில்: நாற்றம் ஆகாயத்தாமரை அழுகுவதால், கோலிஃபார்ம் (மலத்தில் இருக்கும் பாக்டீரியா வகை) அதிகம் இருப்பது மாடு மேய்வதால், வீட்டுச் சாக்கடை எதுவும் ஏரிக்குள் வருவதில்லை. மாடுகள் மேய்வது உண்மைதான், ஒரு இருபது முப்பது எருமை தினமும் இறங்கும். ஆகாயத்தாமரையும் உண்மை. அதனால்தான் இந்தப் பதிலை வெறும் பி.ஓ.டி. எண்ணை (தண்ணீரில் கரிமக் கழிவு எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிஜன் தேவை) வைத்து மறுக்க முடியவில்லை.

சேற்றில் ஏதோ ஸ்டெரால் (கொலஸ்டிரால் போன்ற கொழுப்பு வகைப் பொருள்) பார்த்து மனிதக் கழிவைத் தனியாகப் பிரிக்கலாம் என்று படித்தேன். என் கேள்விகள் இவைதான். மாடு, அழுகிய செடி, மனிதர் என்று மூன்றையும் நிஜமாகவே பிரிக்க முடியுமா? சேற்றைக் குழாய் விட்டு எடுத்தால் எந்தக் காலத்திலிருந்து கலக்கிறது என்று சொல்ல முடியுமா? கல்லூரியில் ஜிசி-எம்எஸ் (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து எவை என்று காட்டும் கருவி) இருக்கிறது, ஆனால் நேரம் குறைவாகத்தான் ஒதுக்குவார்கள், காசும் அதிகம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?


நீர்வேதி எழுதியது:

முடியும். உங்கள் கேள்விக்கென்றே உள்ள பொருள் கோப்ரோஸ்டனால். நாம் சாப்பிடுவதிலும் பித்தநீரிலும் வரும் கொலஸ்டிராலைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா ஹைட்ரஜனேற்றம் செய்து கோப்ரோஸ்டனாலாக மாற்றிவிடும், மனித மலத்தில் உள்ள ஸ்டெரால்களில் ஏறத்தாழ 60 சதவீதம் இதுதான். அதே கொலஸ்டிரால் ஏரிச் சேற்றில் கிடந்து மட்கினால் பெரும்பாலும் வேறு வடிவம், அதாவது கொலஸ்டனால், உருவாகும். இரண்டுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, ஒரே ஒரு ஹைட்ரஜன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு, ஆனால் ஜிசி வரைபடத்தில் தனித்தனி உச்சமாக வந்துவிடும். குடல் வழியாக வந்ததா, சேற்றிலேயே உருவானதா என்பதை அந்த ஒரு ஹைட்ரஜன் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதனால் கோப்ரோஸ்டனால் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். கோப்ரோஸ்டனாலை, கோப்ரோஸ்டனாலும் கொலஸ்டனாலும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 0.7-க்கு மேல் வந்தால் சாக்கடை என்றும் 0.3-க்குக் கீழே என்றால் மாசு இல்லை என்றும் பல காலமாக எடுத்துக்கொள்கிறார்கள், கிரிமால்ட் குழு 1990-இல் வெளியிட்ட அளவுகோல் அது. நடுவில் வந்தால் தனியாக இதை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது. விகிதம் எதற்கு என்றால், ஆக்ஸிஜன் சுத்தமாக இல்லாத கருப்புச் சேற்றில் கொஞ்சம் கோப்ரோஸ்டனால் தானாகவும் உருவாகும். அந்தச் சிறு அளவைப் பார்த்து ஏமாறாமல் இருக்க விகிதம் உதவும்.

அடுத்தது மாடு. புல் தின்னும் விலங்குகளுக்குக் கிடைப்பது கொலஸ்டிரால் இல்லை, செடியின் சிட்டோஸ்டெரால். மாட்டின் குடலில் அது 24-எத்தில்கோப்ரோஸ்டனாலாக மாறும். ஆகவே சாணத்தில் இது முந்தி நிற்கும், மனித மலத்தில் கோப்ரோஸ்டனால் முந்தி நிற்கும். ஆஸ்திரேலியாவில் லீமிங் குழு 1990-களில் ஒவ்வொரு விலங்காக எடுத்து அளந்து காட்டியது இதைத்தான். இரண்டையும் கூட்டி அதில் கோப்ரோஸ்டனாலின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால், மனிதருக்கு 70 சதவீதத்தைத் தாண்டியும் மாடு ஆடுகளுக்கு 40-க்குக் கீழேயும் வருகிறது. நாய் மலத்தில் இந்தக் கோப்ரோஸ்டனால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, பறவை எச்சத்திலும் அப்படித்தான், எனவே ஏரியில் கூழைக்கடா வந்து உட்காருகிறது என்று யாராவது சொன்னால் அந்த வாதமும் நிற்காது. பன்றிதான் சிக்கல், அதன் கழிவிலும் கோப்ரோஸ்டனால் உண்டு. உங்கள் ஏரிக்கரையில் பன்றி வளர்க்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்த்தால் பித்த அமிலங்களுக்குப் போக வேண்டியிருக்கும், பன்றிக்கு ஹையோடியாக்ஸிகோலிக் அமிலம் தனி அடையாளம்.

ஆகாயத்தாமரைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். செடியில் இருப்பது சிட்டோஸ்டெராலும் ஸ்டிக்மாஸ்டெராலும். அது எவ்வளவு அழுகினாலும் மனித மலத்தின் விகிதத்தைக் கொண்டுவர முடியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் வேறு நாட்டுச் சாப்பாட்டை வைத்து வந்தவை. நம் பக்கம் காய்கறி, பருப்பு, எண்ணெய் என்று தாவர ஸ்டெரால் அதிகம் உள்ளே போகிறது, முழுச் சைவ வீடுகளில் 24-எத்தில்கோப்ரோஸ்டனாலின் பங்கு கூடத்தான் செய்யும். அந்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்டினால் மனிதக் கழிவைக் குறைத்துக் காட்டிவிடுவீர்கள். அதனால் உங்கள் ஊரிலேயே கழிவுநீர் லாரிக்காரரிடம் கேட்டு ஒரு பாட்டில் கழிவும், அந்த எருமைகளின் சாணத்தில் கொஞ்சமும் வாங்கி முதலில் அவற்றை ஓட்டுங்கள். உங்கள் அளவுகோல் அந்த இரண்டு முனைகள்தான். ஏரிச் சேறு இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று காட்டினால் எந்தத் தேர்வாளரும் மறுக்க முடியாது.


கீழ்மதகு எழுதியது:

நான் வடிகால் வேலையில் இருப்பவன், வேதியியல் மேலே உள்ளவர் சொன்னதுதான், அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் நம் புறநகர் வீடுகளில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரியாமல் அந்த எண்களைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

பாதாளச் சாக்கடை வராத பகுதியில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமான கழிவுநீர் வெளியே வருகிறது தம்பி. கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகும். குளியலறை, பாத்திரம் கழுவுவது, வாஷிங் மெஷின் தண்ணீர் எல்லாம் நேராகத் தெருக் கால்வாய்க்கு வந்துவிடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறத் தண்ணீரில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் கோப்ரோஸ்டனால் அவ்வளவாக இருக்காது. நீங்கள் ஸ்டெரால் மட்டும் பார்த்து, குறைவாக வந்து, சாக்கடையே இல்லை என்று எழுதிவிட்டால் மனுவுக்குக் கொடுத்த பதிலை நீங்களே உறுதி செய்ததாக ஆகிவிடும்.

எனவே கூடவே லீனியர் ஆல்கைல்பென்சீனையும் பாருங்கள், சுருக்கமாக எல்.ஏ.பி. என்பார்கள். சலவைத்தூளின் மூலப்பொருள், நம் மணலியிலேயே தயாராகிறது. இதை சல்ஃபோனேற்றம் செய்துதான் டிடர்ஜென்ட் ஆக்குகிறார்கள், வினைபுரியாமல் மிஞ்சிய எல்.ஏ.பி. ஒன்று முதல் மூன்று சதவீதம் தூளிலேயே தங்கிவிடும். தண்ணீரில் கரையாது, சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். இயற்கையில் எங்கேயும் கிடையாது, மாடும் போடாது, ஆகாயத்தாமரையும் தராது. எல்.ஏ.பி. இருந்தால் ஏதோ ஒரு வீட்டுத் துணி துவைத்த தண்ணீர் அங்கே வந்திருக்கிறது என்று பொருள், அதற்கு வேறு விளக்கம் தேடுவது கஷ்டம். டோக்கியோவில் தகாதா ஹிதேஷிகே குழுதான் இதை நன்றாக வளர்த்தது, மலேசியா, வியட்நாம் என்று நம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதை தெளிவாகும். எல்.ஏ.பி. அதிகம், கோப்ரோஸ்டனால் குறைவு என்றால் குளியலறை, சமையலறைத் தண்ணீர். இரண்டுமே அதிகம் என்றால் செப்டிக் டேங்க் வழிந்து வடிகாலில் சேர்கிறது, அல்லது கழிப்பறைக் குழாயையே வடிகாலில் சொருகியிருக்கிறார்கள். கோப்ரோஸ்டனால் மட்டும் திடீரென்று ஓரிடத்தில் எகிறி எல்.ஏ.பி. அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் ராத்திரியில் கழிவுநீர் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும் இடமாக இருக்கலாம், ஏனென்றால் செப்டிக் டேங்குக்குள் சலவைத் தண்ணீர் பொதுவாகப் போவதில்லை. அந்த இடத்தில் கோப்ரோஸ்டனாலின் இன்னொரு வடிவமான எபிகோப்ரோஸ்டனாலையும் பாருங்கள். புது மலத்தில் அது மிகக் குறைவு, காற்றில்லாமல் மாதக்கணக்கில் ஊறும்போதுதான் கூடும். டேங்கில் பல வருடம் கிடந்த கழிவுக்கும் அன்றன்று வரும் கழிவுக்கும் அதில் வித்தியாசம் தெரியலாம்.

இன்னொன்று, எல்.ஏ.பி. ஐசோமர்களின், அதாவது அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த வகைகளின், விகிதம். பென்சீன் வளையம் சங்கிலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வகையைக் காற்றோட்டம் உள்ள இடத்தில் பாக்டீரியா சீக்கிரம் தின்றுவிடும், நடுவில் ஒட்டியிருப்பது தங்கும். ஆக உள்வகையை ஓரவகையால் வகுத்தால், சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டித் தேறிய தண்ணீருக்கு விகிதம் ஏறியிருக்கும், பச்சையாக வந்த கழிவுநீருக்கு 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய குடியிருப்புகள் நாங்கள் சுத்திகரித்துத்தான் விடுகிறோம் என்று சொல்வார்கள், அந்த வாய்க்கால் வாய்ச் சேற்றில் இந்த விகிதத்தைப் பாருங்கள்.


வண்டல்மண் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் யாருமே தூர்வாருவதைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் காலத்திலிருந்து என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில், பெரும்பாலான நம் ஏரிகளில் முடியாது, அல்லது பெரிய கஷ்டம்.

வெளிநாட்டில் ஆழமான ஏரியில் வண்டல் ஆண்டுக்கு ஆண்டு அமைதியாகப் படியும், அதை யாரும் தொடுவதில்லை. நம்முடையவை ஆழம் குறைந்த மனிதர் கட்டிய ஏரிகள். கோடையில் வற்றி வெடிப்பு விடும், வெடிப்புக்குள் மேல்மண் இறங்கும், காற்று புகுந்து நீங்கள் தேடும் பொருளையே சிதைக்கும். கோப்ரோஸ்டனால் காற்றில்லாத சேற்றுக்குள் நெடுங்காலம் நிற்கும், ஆனால் காற்று பட்டால் வெயில் காலத்தில் சில நாள், சில வாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் மாடு மிதிக்கும், விரால் பிடிக்கச் சேற்றைக் கலக்குவார்கள். இதையெல்லாம் தாண்டி 2017-இல் குடிமராமத்து தொடங்கிய பிறகு எத்தனை ஏரிகளில் பொக்லைன் இறங்கியது, வண்டலை விவசாயிகளும் செங்கல் சூளைக்காரர்களும் அள்ளிப் போனார்கள் என்று பாருங்கள். ஏரிக்கு அது நல்லதுதான், ஆனால் ஐம்பது வருட வண்டல் ஒரு வாரத்தில் லாரியேறிவிட்ட இடத்தில் நீங்கள் குழாய் இறக்கினால் கிடைப்பது என்ன?

காலக்கணிப்புக்கு ஈயம்-210 பார்ப்பார்கள். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டு, ஆகவே கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பொருத்தமானது. ஏரி வண்டலுக்கு இந்த முறையை 1971-இல் முதலில் பயன்படுத்திக் காட்டியவர்களில் கிருஷ்ணசுவாமியும் தேவேந்திர லாலும் இருந்தார்கள் என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், உலகம் முழுக்க இன்று ஓடும் முறை அது. சரிபார்க்க சீசியம்-137, அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சம் தொடும். ஆனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தத் தூசி குறைவாகத்தான் விழுந்தது, இங்கே அந்த உச்சம் மங்கலாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து அளக்கக் காமா கதிர் எண்ணும் கருவி வேண்டும், ஒரு மாதிரிக்கே ஒரு நாள், அதற்கு மேலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எம்.எஸ்சி. காலத்துக்குள் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். மேல்சேற்றை மட்டும் எடுத்து இன்று எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள், போதும்.


நீர்வேதி எழுதியது:

வண்டல்மண் சொல்லும் ஆபத்து எல்லாம் உண்மை, ஆனால் குழாயே இறக்காதே என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஓரம் கஹோக்கியா என்று ஒரு பழைய நகரம், ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்திலேயே பெரியது. அதன் பக்கத்தில் ஹார்ஸ்ஷூ என்ற ஆழமில்லாத ஏரி. அதன் அடிச்சேற்றில் இதே கோப்ரோஸ்டனாலை அடுக்கடுக்காக அளந்து, ஊர் சனத்தொகை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று 2019-இலும் 2020-இலும் கட்டுரை போட்டார்கள். கி.பி. 1100 வாக்கில் உச்சம், 1400-க்குள் சரிவு, 1500-க்குப் பிறகு மறுபடி ஆட்கள் வந்த தடம். சாக்கடைக் குழாய் இல்லாத ஊர், வயலிலும் வீட்டோரத்திலும் கிடந்ததை மழை அடித்து ஏரிக்குக் கொண்டுவந்தது, அதுவே ஆயிரம் வருடம் கழித்தும் படிக்கும்படி இருக்கிறது. சேறு கலையாமல் இருந்தால் இந்தப் பொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஏரியில் கலையாத இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதை வீட்டில் உட்கார்ந்தே ஓரளவு பார்த்துவிடலாம். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, சமீப காலத்துக்குக் கூகுள் எர்த்தில் பழைய படங்கள் இருக்கின்றன, எந்த வருடம் ஏரி முழுக்க வற்றியது, எந்த வருடம் குழி தோண்டிய தடம் தெரிகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களிடமும் கேளுங்கள், எந்தப் பக்கம் பொக்லைன் போகவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் மதகுக்கு முன்னால் கரையை ஒட்டிய ஆழப் பகுதியில் கரைக்கு ஆபத்து என்று தோண்டாமல் விட்டிருப்பார்கள். நுண்ணிய வண்டல் வந்து தேங்குவதும் அங்கேதான்.

துல்லியமான வருடமும் உங்களுக்குத் தேவையில்லை. முன், பின் என்று பிரித்தாலே போதும். எல்.ஏ.பி.யே ஒரு கடிகாரம். கிளைத்த சங்கிலி டிடர்ஜென்ட் ஆறுகளில் நுரை தள்ளியதால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1960-களில்தான் நேர்ச்சங்கிலி வகைக்கு, அதாவது எல்.ஏ.பி.க்கு, மாறினார்கள். நம் நாட்டில் 1969-இல் நிர்மா தொடங்கியதற்குப் பிறகுதான் மலிவு விலைச் சலவைத்தூள் பரவலாக எல்லா வீட்டுக்கும் போனது, அதுவரை கட்டிச் சோப்புதான். எனவே குழாயின் அடிப்பகுதியில் எல்.ஏ.பி. இல்லாத அடுக்கு ஒன்று கிடைத்தாலே உங்களுக்குப் பழைய ஏரி கிடைத்துவிட்டது. அதே அடுக்கில் 24-எத்தில்கோப்ரோஸ்டனால் இருந்தால் இன்னும் நல்லது, அப்போதும் மாடு மேய்ந்தது, ஆனால் வீட்டுக் கழிவு வரவில்லை என்று காட்டலாம். மனுவுக்கு வந்த பதிலுக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தோன்றவில்லை. மேலே ஈயமும் அளந்தால், இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது, அதன் பிறகு குறையும் இடம் இன்னொரு கோடு போட்டுக் கொடுக்கும், அதற்கு காமா கருவி வேண்டாம், உலோகம் அளக்கும் ஐசிபி கருவி போதும்.


துளசிமாடம் எழுதியது:

ஸ்டெரால் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரி எடுக்கும் இடத்திலேயே கெட்டுப்போன சேறுதான் எங்களிடம் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பொருட்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். நீங்கள் தேடுவதே சோப்புத்தூளின் எச்சம். ஆய்வகக் கழுவு திரவத்திலும் அதே எல்.ஏ.பி. இருக்கலாம், பாட்டிலைத் தேய்த்துக் கழுவிய கையோடு வெற்று மாதிரி (சேறு போடாத சோதனை) ஓட்டினால் அழகான எல்.ஏ.பி. வரிசை வந்து நிற்கும். கண்ணாடியையும் அலுமினியத் தாளையும் 450 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து எடுங்கள், அடுப்பில் வைக்க முடியாததை மெத்தனால், பிறகு டைகுளோரோமீத்தேன் ஊற்றி அலசுங்கள். விரலாலும் தொடாதீர்கள், நம் தோலில் கொலஸ்டிராலும் ஸ்குவாலினும் ஏராளம். ஸ்குவாலின் உச்சம் பெரிதாக வந்தால் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள் என்று நாங்கள் உடனே சந்தேகப்படுவோம்.

குழாயை இறக்கும்போது ஓரத்துச் சேறு மேலிருந்து கீழே இழுபட்டுவரும். அதனால் வெளியே தள்ளி இரண்டு செ.மீ. வில்லைகளாக வெட்டும்போது, ஒவ்வொரு வில்லையின் வெளி வட்டத்தையும் எஃகுக் கரண்டியால் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். மேலடுக்கின் கழிவு அடியில் ஒட்டிக்கொண்டு வந்தால் நீர்வேதி சொல்லும் எல்.ஏ.பி. இல்லாத அடுக்கு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. பிவிசி குழாய் பரவாயில்லை, ஆனால் பிளாஸ்டிக் பையில் சேமிக்க வேண்டாம், தாலேட் உச்சங்கள் வந்து இடைஞ்சல் பண்ணும். எடுத்தவுடன் ஐஸ் பெட்டி, பிறகு மைனஸ் 20.

நம் ஏரிச் சேற்றில் கந்தகம் மிக அதிகம். பிரித்தெடுத்த திரவத்தில் அமிலத்தில் கழுவிய செம்புத் துகளைப் போட்டு வையுங்கள், செம்பு கருத்துப்போகும், கருக்காமல் நிற்கும் வரை புதுத் துகள் போடுங்கள். இதைச் செய்யாமல் ஜிசி-யில் செலுத்தினால் உச்சங்கள் கந்தகத்துக்குள் புதைந்துவிடும். ஸ்டெராலை பிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைபொருள் போட்டு, எளிதில் ஆவியாகும் டிஎம்எஸ் வடிவம் ஆக்கியபின் ஓட்டுங்கள். கோப்ரோஸ்டனாலும் எபிகோப்ரோஸ்டனாலும் கொலஸ்டிராலுக்குச் சற்று முன்னால், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும், நீளமான ஜிசி பிரிப்புக் குழாயும் (column) மெதுவான சூடும் வைத்தால்தான் பிரியும். எம்எஸ்-இல் அயனி நிறை 215, 370 பார்த்து உறுதி செய்யுங்கள். எல்.ஏ.பி.க்கு 91, 105.

முடிவை சேற்றின் எடைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். கால்வாய் வாயில் மணல் அதிகம், மதகருகில் களி அதிகம், இந்தப் பொருட்கள் களியிலும் கரிமப் பொருளிலும்தான் ஒட்டும். மொத்தக் கரிமத்தை அளந்து அதற்கு எவ்வளவு என்றும் போடுங்கள். இல்லாவிட்டால் கழிவு நுழையும் வாயே சுத்தமாகவும் தூரத்து மதகு அழுக்காகவும் தெரியும்.

கடைசியாக உடம்புக்கு. கையுறை, முழங்கால் காலணி கட்டாயம். சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, தனியாகப் போகாதீர்கள், குனிந்து முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.


பசுமைமனு எழுதியது:

ஏரி வழக்குகளில் குடியிருப்போர் பக்கம் நின்று வேலை செய்பவள் நான். கலங்கல்கரை, ஆய்வறிக்கைக்கு வெளியே இந்த முடிவை மனுவோடு சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோப்ரோஸ்டனாலுக்கு நம் நாட்டில் சட்ட அளவு எதுவும் கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர் வகைப்பாட்டில் குளிப்பதற்கான தண்ணீருக்கு மொத்தக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500-க்குள் இருக்க வேண்டும் என்பது போலத்தான் எண்கள் இருக்கின்றன. ஆகவே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தண்ணீரின் கோலிஃபார்ம், பி.ஓ.டி., அம்மோனியா மூன்றையும் அதே நாளில் அதே இடத்தில் எடுத்த அறிக்கை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். அளவு மீறியது என்பதை அது சொல்லும், யாருடையது என்பதை உங்கள் சேறு சொல்லும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, அங்கே எதிர்த்தரப்பு முதலில் கேட்பது மாதிரியை யார் எடுத்தார், எங்கே எடுத்தார், நடுவில் யார் கையில் இருந்தது என்பதைத்தான். இடத்தின் ஜிபிஎஸ் எண், நேரம் தெரியும் படம், பாட்டிலில் முத்திரை, கையெழுத்திட்ட தாள், இவை இல்லாமல் எவ்வளவு நல்ல வேதியியலும் ஓரமாகப் போய்விடும்.

கோலிஃபார்ம் மாட்டால் வருகிறது என்ற வாதத்தைப் பற்றி: அது முழுப் பொய்யும் இல்லை, மனிதக் கழிவு இல்லாமலும் கோலிஃபார்ம் வரும். ஹவாய்த் தீவில் கழிவே படாத மண்ணிலும் கோலிஃபார்ம் வகையான ஈ.கோலை தானாக வளர்வதைக் கண்டிருக்கிறார்கள், வெப்ப நாடுகளில் அதை மட்டும் நம்புவதில் அந்தப் பிரச்சினை உண்டு. அதனாலேயே உங்கள் ஸ்டெரால் முடிவு துணைச் சான்றாக உட்காரும்.


கலங்கல்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நான் ஒரே ஒரு பொருளை அளந்தால் போதும் என்று நினைத்திருந்தேன், கீழ்மதகு அண்ணா சொன்ன இரண்டு வகைத் தண்ணீர் விஷயம் எங்கள் தெருவில் அப்படியே பொருந்துகிறது. வாஷிங் மெஷின் குழாய் எல்லாம் வாசலில் உள்ள வடிகாலில்தான் இருக்கிறது. பன்றி எங்கள் பக்கம் யாரும் வளர்ப்பதில்லை, கேட்டுவிட்டேன்.

இப்போதைய திட்டம்: இரண்டு கால்வாய் வாய், ஏரி நடு, எருமை இறங்கும் துறை, மதகு முன்புறம் என்று மேல்சேறு. லாரிக் கழிவும் சாணமும் ஒப்பீட்டுக்கு. மதகு முன்னால் ஒரு குழாய். கூகுள் எர்த்தில் பார்த்தேன், நடுப்பகுதியில் தோண்டிய சதுரங்கள் தெரிகின்றன, மதகுப் பக்கம் எதுவும் தெரியவில்லை. மீன் குத்தகைக்காரரும் அங்கே தோண்டவில்லை என்றார். இரண்டு சந்தேகம். எந்த மாதம் எடுப்பது? காஃபீன், பாராசிட்டமால் எல்லாம் பார்க்கச் சொல்கிறார் எங்கள் மேடம், சேற்றில் அவை கிடைக்குமா? இன்னொரு செய்தி, வரும் கோடையில் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தப் போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள்.


நீர்வேதி எழுதியது:

காஃபீன், பாராசிட்டமால், செயற்கை இனிப்பு அசிசல்ஃபேம், இவை எல்லாம் தண்ணீரில் கரைந்து போகிறவை, சேற்றில் தங்குவது குறைவு. இன்று இந்த நிமிடம் எந்தக் கால்வாய் கழிவைக் கொண்டுவருகிறது என்பதற்குத் தண்ணீரில் பாருங்கள், அதற்கு எல்சி-எம்எஸ் என்ற வேறு கருவி வேண்டும். கல்லூரியில் ஜிசி மட்டும்தான் என்றால் அதை விட்டுவிடலாம், ஸ்டெராலும் எல்.ஏ.பி.யும் போதும். மேடத்திடம் இதையே காரணமாகச் சொல்லுங்கள்.

மாதம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, ஆனால் சேறு இன்னும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் காலம், அதாவது மாசி வாக்கில். வற்றி வெடித்தபின் எடுத்தால் வண்டல்மண் சொன்ன பிரச்சினை எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.


வண்டல்மண் எழுதியது:

அந்தப் பலகை விஷயம்தான் முக்கியம். மதகுப் பக்கம் இதுவரை தோண்டவில்லை என்பது இந்தக் கோடைக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள், ஆழப்படுத்துகிறோம் என்று இறங்கினால் எங்கே நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. நான் குழாய் வேண்டாம் என்றதை இந்த ஏரிக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறேன். ஆய்வறிக்கை நேரம் பார்க்காமல் இந்த மாசியிலேயே மதகு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் எடுங்கள். ஒன்றை வெட்டி ஸ்டெராலுக்கும் எல்.ஏ.பி.க்கும் கொடுங்கள். மற்றதையும் அதேபோல் வெட்டி, ஆழம் எழுதி, மைனஸ் 20-இல் போட்டுவையுங்கள். ஈயம்-210 அவசரமில்லை, உறைந்த சேற்றில் அது எங்கும் போகாது, காமா கருவி இருக்கும் இடத்தில் பின்னால் யாராவது இடம் கொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எடுக்கும்போது குழாய்க்குள் சேறு எத்தனை செ.மீ. அமுங்கியது என்பதையும் அங்கேயே அளந்து குறித்துவையுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.


துளசிமாடம் எழுதியது:

உறைபெட்டியில் வைக்கும் பாட்டில்களில் பெயரைப் பென்சிலால் எழுதி உள்ளே ஒரு அலுமினியச் சீட்டும் போடுங்கள், மார்க்கர் மை ஈரத்தில் அழிந்துபோகும். லாரிக் கழிவை ஏரி மாதிரிகளோடு ஒரே பெட்டியில் கொண்டுவர வேண்டாம், ஒரு சொட்டுக் கசிந்தாலும் எல்லாம் கெட்டது. கோப்ரோஸ்டனால் தர மாதிரி வாங்க நாளாகும், இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள்.